படத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தவள்

எழுத உட்கார்ந்தாலே கை கூசுகிறது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து பிற்பாடு வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து வந்தது. சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் கலைந்து கலைந்து போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அவளைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை.

பேரைப் போடவில்லை. அவளைக் கேட்காமல் போடுவது சரியில்லை.

அப்போது நாங்கள் திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற பக்கம், ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருந்தோம். மகன், மருமகள், நான். மேல் மாடி ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் கம்ப்யூட்டர்களாக ஏற்றினார்கள். பின்னாலேயே காலேஜ் முடித்த வயதில் ஆணும் பெண்ணுமாகச் சிலர் வந்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக அவள் வந்தாள். நாற்பது வயசு இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, பெரிய சட்டை. “கார்ட்டூன் படம் எடுக்கிறாங்களாம்” என்றாள் மருமகள்.

எனக்கு ஒரு கோளாறு உண்டு. என் வீட்டுக்காரர் நகரியில் பவர்லூம் வைத்திருந்தார். தறி ஓடுகிற வீட்டில் மெதுவாகப் பேசினால் பக்கத்தில் நிற்கிறவர் காதிலும் விழாது. மனுஷர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம், ஆனால் வாயைத் திறந்தால் அந்தத் தறிப் பழக்கத்தில் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஒருநாள் மத்தியானம் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திய மகனைப் பார்த்து, “டேய், துன்னியா?” என்று கேட்டுவிட்டேன். சாப்பிட்டாயா என்பதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அவள் இறங்கி வந்து என் எதிரில் நின்றாள்.

“இன்னொரு தபா சொல்லுங்க.”

“இன்னாத்த?”

“இப்ப கேட்டீங்களே, அதேதான். துன்னியான்னு.”

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவள் நகரவில்லை. அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்று பார்ப்போமே, அப்படி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் நாளே எனக்கு அந்தப் பார்வை ஒத்துக்கொள்ளவில்லை. ஈ வந்து முகத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. விரட்டவும் முடியாது.

“எங்க கப்பலுக்கு ஒரு குரல் வேணும் பெத்தம்மா” என்றாள். பெத்தம்மா என்றால் தெலுங்கில் பெரியம்மா.

“திருப்பதியில ஏதும்மா கப்பல்?”

“வானத்துல போற கப்பல்.”

அப்படித்தான் நான் ஒரு கப்பல் ஆனேன்.

கதையை அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கோர்ட்டில் விவாகரத்து கேட்டு நிற்கிற ஒரு புருஷனும் பெண்டாட்டியும். ஒருத்தர் தொல்லை வேண்டாம் என்று இன்னொருத்தர், ஒருவருக்கொருவர் தெரியாமல், வேற்றுக் கிரகத்துக்குப் போகிற கப்பலில் இடம் பிடிக்கிறார்கள். கதவு சாத்திய பிறகுதான் இரண்டு பேரும் ஒரே கப்பல் என்று தெரிகிறது. திரும்ப முடியாது. கப்பல் தானே யோசிக்கிற கப்பல். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டு என்ன உத்தரவு போட்டாலும் அது கேட்காது. “துன்னியா?” என்று கேட்கும். இரண்டு பேரும் சாப்பிட்டால்தான் நகரும். இது முதல் எபிசோடு. இது தேறினால் மீதி எபிசோடுகள் வரும். தேறாவிட்டால் மாடி மறுபடி பூட்டு. அவள் பெங்களூரில் இருந்த நல்ல வேலையை இதற்காக விட்டுவிட்டு வந்தவள் என்று பின்னால் தெரிந்தது. யாரோ எழுதிய கார்ட்டூனுக்குக் கை கால் வரைகிற வேலை. “அங்க திரும்பிப் போனா நான் செத்தேன் பெத்தம்மா” என்று ஒருதடவை சாதாரணமாகச் சொன்னாள்.

“இது பெரியவங்களுக்கான கார்ட்டூன்” என்று அவள் சொன்னதை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். என்னைப் போல வயசானவர்களுக்கு என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மாமியிடமும் அப்படியே சொன்னேன். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம். மாமிக்கு ரொம்பச் சந்தோஷம். “நமக்குன்னு ஒரு படமாவது எடுக்கணும்னு தோணித்தே” என்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு என்னோடு மேலே வந்துவிட்டார்.

பாதிப் படம்தான் அப்போது தயார். கப்பலுக்குள் பெண்டாட்டி புருஷனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். மாமி எழுந்து, “அடுப்புல குக்கர் வெச்சிருக்கேன்” என்று போய்விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆனால் அவள் ஒரு இஞ்ச்கூட அசையவில்லை. அவளுடைய நாற்காலி எப்போதும் திரைக்குக் கீழே, திரைக்கு முதுகு காட்டிப் போட்டிருக்கும். நாங்கள் படத்தைப் பார்ப்போம். அவள் எங்களைப் பார்ப்பாள்.

“மாமி சிரிச்சுட்டுத்தான் எழுந்தாங்க. உதட்டு ஓரத்துல. நான் பாத்தேன். அந்த வார்த்தை இருக்கட்டும்” என்றாள்.

இதுதான் அவள். தான் எடுத்த படத்தை அவள் பார்த்து நான் பார்த்ததில்லை. சிரிப்புப் படம் எடுக்கிறவள் சிரித்தும் பார்த்ததில்லை. மேலே வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் அவளைக் கண்டால் நடுக்கம். அவள் திட்ட மாட்டாள், குரலை உயர்த்த மாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். ஒரு துண்டு படம் போட்டால் எல்லாரும் சிரித்துத் தொலைப்போம் என்று சிரிப்பார்கள். சவுண்டு பார்க்கிறவன் ஒருத்தன் இருந்தான், அவனும் எங்கள் நகரிப் பக்கம்தான். அவன் ஒருநாள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டான்.

“வாய் சிரிக்குது. கண்ணு லீவு கேக்குது. நாளைக்கு எங்க போவணும்?” என்றாள்.

“அக்கா பொண்ணுக்குக் காது குத்து, மேடம்.”

“போய் வா. அதுக்காக என்கிட்ட பொய்யா சிரிக்காத.”

அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டாள். அதை வரைய ஒரு பெண்பிள்ளை மாசக்கணக்கில் கழுத்து வலிக்க உட்கார்ந்திருந்தாள். சித்தூரில் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த தெலுங்குக்காரப் பெண். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் மோர் கொடுத்தேன். அவளோ மேலே ஜன்னலில் இருந்து அந்தப் பெண் அழுகிற முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். எனக்குக் கோபம் வந்தது.

எதிர்வீட்டில் ஒரு சாவு. தெருவே கூடியிருந்தது. அவளும் வந்தாள். எல்லாரும் பிணத்தைப் பார்த்து நிற்க, இவள் சுவரோரம் நின்று அழுகிறவர்களைப் பார்த்தாள். செத்தவருடைய மூத்த மருமகள் ஒப்பாரிக்கு நடுவில், எதற்கோ தெரியவில்லை, களுக்கென்று சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றிக்கொண்டாள். எனக்கும் தெரிந்தது. கொஞ்ச நாளில் படத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பல் ஜன்னல் வழியாகப் பூமி சின்னதாகிக்கொண்டே போகிறது. பெண்டாட்டி அழுகிறாள். நடுவில் களுக்கென்று சிரித்து, இருமுகிறாள். பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படியா ஒருத்தர் வீட்டுத் துக்கத்தில் கை வைப்பது?

அன்றைக்குத்தான் கேட்டேன். நான் கேட்டேனா, தானாக வாயில் வந்துவிட்டதா தெரியாது. சத்தமாகத்தான் வந்தது.

“எதுக்கு பாப்பா இப்பிடி எல்லார் மூஞ்சியையும் பாத்துகினே கீற? பயமா கீது.”

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோன புளிச்சோறு. கை நின்றது.

“நான் சூளூர்பேட்டை, பெத்தம்மா. ராக்கெட் போறப்ப ஊரே மேல பாக்கும். எங்க நைனா ராக்கெட் விடற கம்பெனிக்குள்ள தோட்ட வேலை. அவருக்கு அங்க இருக்குற எல்லார் மூஞ்சியும் தெரியும். நான் சின்னப் பொண்ணு, வெயில் கண்ணைக் குத்தும், மேல பாக்க முடியாது. அதனால நைனா மூஞ்சியப் பாப்பேன். நேரா போவுதா, கோணிக்கிச்சான்னு அதுலயே தெரிஞ்சிடும். ஒருதபா எல்லாரும் கை தட்டிகினு இருந்தாங்க. எங்க நைனா மூஞ்சி மட்டும் விழுந்துருச்சு. அப்புறந்தான் கீழ சேதி வந்துச்சு, ராக்கெட் வழி தப்பிப் போச்சுன்னு.”

“அதுக்கு?”

“அதுலேர்ந்து வாய் சொல்றத நான் நம்பறதில்ல.”

“நீயாவது சிரிக்கலாமில்ல?”

“நான் சிரிச்சா, இது நல்லாருக்குன்னு நானே நம்பிடுவேன்.”

நான் இன்னும் ஒரு கரண்டி புளிச்சோறு வைத்தேன்.

ஹைதராபாத்தில் இருந்து ஒரு பெரிய மனுஷர் வந்து படத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர் சரி என்றால் எல்லாம் சரி. மாடி வாடகை ஒப்பந்தம் முடிய அதிக நாள் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் வேறு எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேலே யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. படம் வரைகிற பெண் நகத்தைக் கடித்து விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். இவள் மட்டும் நாற்காலியை அப்படிப் போட்டுப் பார்த்தாள், இப்படிப் போட்டுப் பார்த்தாள். அவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமே!

அவர் நேராக மலையில் இருந்து வந்தார். மொட்டை. மொட்டை மேல் சந்தனம். ராத்திரி முழுக்க வரிசையில் நின்ற அலுப்பு. கண் இரண்டும் சிவந்து சொருகிப்போயிருந்தது. கையில் லட்டுப் பை. உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டு மூலையில் உட்கார வைத்தார்கள்.

படம் ஓடியது. நான் படத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவளைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிடிக்காத முகமா, தூங்காத முகமா, யாரால் சொல்ல முடியும்? மொட்டை வேறு. முடி இருந்தால் முகத்துக்கு ஒரு ஜாடையாவது இருக்கும். கப்பலுக்குள் சண்டை வந்தது, அவர் சிரிக்கவில்லை. மாமி எழுந்து போன இடம் வந்தது, சிரிக்கவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்து நின்றது அவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெரிந்தது. பிறகு என் குரல் வந்தது. அறை அதிர, “துன்னியா?”

அவர் குனிந்து பையில் கைவிட்டு லட்டை எடுத்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். படம் முடிந்ததும் எல்லாருக்கும் லட்டைப் பிட்டுக் கொடுத்தார். “சொல்லி அனுப்புறேன்” என்று போய்விட்டார்.

“கப்பல் கேட்டதுக்குத்தான் துன்னாரு. படம் புடிச்சிருக்கு” என்றான் சவுண்டுக்காரன்.

“மலையில இருந்து பசியோட வந்திருப்பார்” என்றாள் படம் வரைகிற பெண்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். முகம் படிப்பதில் அவள்தானே கெட்டிக்காரி.

“எனக்குத் தெரியல” என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கையில் கொடுத்த லட்டு அப்படியே இருந்தது. நான்தான் வாங்கி மூடி வைத்தேன்.

சில நாள் கழித்து, சாயங்காலம், போன் வந்தது. நான் கொடியில் காயப்போட்ட துணி எடுக்க மேலே போயிருந்தேன். எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி நின்றார்கள். முகம் தெரிகிற போன்தான். அவள் அதைத்தான் கேட்டு வாங்கியிருந்தாள். ஆனால் அவர் பக்கம் கேமராவைத் திறக்கவில்லை. கறுப்புக் கட்டம், நடுவில் அவர் பேரின் முதல் எழுத்து மட்டும். முகம் பார்த்தே பிழைத்தவளுக்கு ஒரு எழுத்தைக் காட்டினால் என்ன செய்வாள்? போனை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள்.

அவர் தெலுங்குக்காரர். இவள் தமிழ் என்பதால் மரியாதைக்குத் தமிழில் பேசினார்.

“பாத்தோம்மா. அந்த ஷிப் வாய்ஸ் பாகுந்தி, நல்லா இருக்கு. செகண்ட் எபிசோடு இப்போ அவசரம் இல்ல. சரியா? உண்ட்டானு.”

‘வரட்டுமா’ என்பதைத் தெலுங்கில் அப்படிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

படம் வரைகிற பெண் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“எதுக்கு எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறீங்க? அதான் அவசரம் இல்லன்னுட்டாரே. நிதானமா பண்ணுங்க!”

தறிக்குரல்தான். மாடி முழுக்கக் கேட்டது.

“பெத்தம்மா, அது தெலுங்கு அவசரம். தேவை இல்லைன்னு அர்த்தம். அவசரம் லேதுன்னா வேணாம்னு சொல்றது” என்றாள் அந்தப் பெண்.

எனக்குத் தெலுங்கு தெரியாமல் இல்லை. அந்தப் பாஷையில்தான் பள்ளிக்கூடம் போனேன், காய்கறி வாங்கினேன், என் மருமகளிடமே பாதி நாள் தெலுங்குதான். ஆனாலும் அந்த நேரம் என் காது தமிழ்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. விடுவேனா?

“அவரு லேதுன்னு சொன்னாரா? இல்லன்னு சொன்னாரு. தமிழ் அவசரந்தான்.”

“பெத்தம்மா சொல்றது கரெக்ட். தமிழ்ல பேசினவரு நடுவுல ஒரு வார்த்தைய மட்டும் தெலுங்குல போடுவாரா?” என்று சவுண்டுக்காரன் எகிறினான்.

“பாகுந்தின்னு போட்டாரே!”

“போட்டுட்டு உடனே நல்லா இருக்குன்னு திருத்தினாரு. இதைத் திருத்தலயே!”

“அவருக்கு அது தமிழ்னே நினைப்பு, எப்படித் திருத்துவார்? தமிழ்லயும் அதே வார்த்தை இருக்கே!”

“அப்ப லட்டு?”

“லட்டை விடுடா!”

ஆளுக்கு ஆள் கத்தினார்கள். நானும் கத்தினேன். அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. யாருக்கோ மூச்சு அடைக்கிறது என்று பயந்து திரும்பினேன். அவள்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கத் தெரியாதவள் சிரிப்பது பார்க்கவே பயமாக இருந்தது. எல்லாரும் சண்டையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்கள்.

“நிறுத்தாதீங்க. சண்டைய நிறுத்தாதீங்க” என்று கையை ஆட்டினாள். “கப்பல்ல புருஷன் தமிழு, பெண்டாட்டி தெலுங்கு. பூமியிலேர்ந்து சேதி வருது, நீங்க திரும்பி வர அவசரம் இல்லைன்னு. மெதுவா வரச் சொல்றாங்களா, வரவே வேணாங்கறாங்களா? இதான்டா செகண்ட் எபிசோடு.”

“அவருக்கே போன் போட்டுக் கேட்டுடலாமே பாப்பா” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கறுப்பாகிப்போன போனைப் பார்த்தாள்.

“போன்ல கேக்க மாட்டேன்.”

அந்தச் சேதியைக் கப்பல்தான் படிக்க வேண்டும். அதனால் என்னை மறுபடி அந்தச் சின்ன ரூமில் மைக் முன்னால் நிறுத்தினாள். “தமிழா தெலுங்கான்னு கேக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது” என்றாள். ஒருதடவை தமிழாக வந்துவிட்டது. ஒருதடவை தெலுங்காக வந்துவிட்டது. தொண்டை வறண்டு, இனி முடியாது என்று நான் அலுத்துச் சொன்னபோது, அது வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலையை ஆட்டினாள். நான் வெளியே வந்து, “எது வந்துச்சு?” என்று கேட்டேன். “எனக்கே தெரியல பெத்தம்மா” என்றாள். இந்தத் தடவை சந்தோஷமாகச் சொன்னாள்.

வாடகை நாள் முடிந்தது. கம்ப்யூட்டர்களை இறக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் ஊருக்கு ஒருவராகப் போனார்கள். அவள் ஒரு தோள்பையோடு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். பெங்களூருக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

“ஹைதராபாத் ரயிலு. செகண்ட் எபிசோடு எழுதிட்டேன். அவரு எதிர்ல உக்காந்து படிச்சுக் காட்டப் போறேன். மூஞ்சியப் பாத்துகினே கேப்பேன், எந்த அவசரம்னு.”

“இந்நேரம் முடி முளைச்சிருக்கும்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், வழக்கம்போல. நான் முந்தானையைத் தூக்கினேன், வழக்கம்போல.

“மூடாத பெத்தம்மா.”

கையை இறக்கிவிட்டேன். என்ன பார்த்தாளோ. என் வீட்டுக்காரர்கூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அந்த ஈ இப்போது தொந்தரவாக இல்லை. பிறகு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். நான் கத்திக் கேட்டேன், “துன்னியா?” அவள் திரும்பாமலே கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சேதி இல்லை. எனக்கு அவள் நம்பர் தெரியாது, சவுண்டுக்காரன் நம்பரும் பழைய போனோடு போய்விட்டது. நான் இப்போது சித்தூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். பங்காருபாளையத்து மாங்காய் லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகின்றன. போன மாம்பழக் காலத்தில் நகரியில் இருந்து வந்த தங்கை மருமகள் ஒன்று சொன்னாள். போனில் ஏதோ தள்ளிக்கொண்டே போகும்போது, சாப்பிட்டால்தான் நகருவேன் என்கிற ஒரு வானக்கப்பல் வந்ததாம். சிரிப்பாக இருந்ததாம். குரல் யாருடையது என்று கவனிக்கவில்லை. திரும்பத் தேடினால் கிடைக்கவில்லை. முதல் எபிசோடா, இரண்டாவதா, அதுவும் தெரியவில்லை. நிஜமாகவே சிரித்தாளா என்று நான் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். “என்ன பெரிம்மா அப்படிப் பாக்கறீங்க?” என்று எழுந்து போய்விட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது அதைத் தேடிப் பார்த்து, நான் எழுதியதில் எது சரி, எது தப்பு என்று சொல்ல வேண்டும். ராக்கெட் விஷயம் அவள் சொன்னது, எனக்கு அதைச் சரிபார்க்கத் தெரியாது. அந்தக் கப்பலின் குரல் என் குரல்தானா? இரண்டாவது எபிசோடு என்று ஒன்று இருக்கிறதா? இருந்தால், அவர் சொன்னது எந்த அவசரம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கும் தெரிந்தால் போதும்.

அவசரம் இல்லை. இதை நான் தமிழில்தான் சொல்கிறேன்.